மூன்றாம் வருடம் போகிற தங்கைகளுக்கு: எம்.எஸ்சி. விண்ணப்பம் செப்டம்பரிலேயே தொடங்குகிறது

எங்கள் கல்லூரியில் எம்.எஸ்சி. பற்றிய பேச்சு மே மாதத்தில்தான் வரும். ஆறாம் செமஸ்டர் முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில், "நீ பி.எட். போறியா, எம்.எஸ்சி. போறியா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோம். எம்.எஸ்சி. என்றால் அதே கல்லூரி, இல்லாவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி. விண்ணப்பத்தை நிரப்பி, மதிப்பெண் பட்டியல் நகலையும் சாதிச் சான்றிதழ் நகலையும் வைத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. மேற்படிப்புச் சேர்க்கை என்றால் இவ்வளவுதான் என்றே எங்கள் பகுதியில் எல்லாரும் நினைத்திருந்தோம்.

ஆனால் அந்த மே மாதத்துக்குள் நாட்டின் பெரிய கல்வி நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பக் காலமே முடிந்து போயிருக்கும். ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பம் முந்தைய வருடம் செப்டம்பரில் திறந்து அக்டோபரோடு மூடிவிடும். தேர்வு பிப்ரவரியில். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு 2024-இல் மார்ச் மாதமே நடந்து முடிந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த இடங்கள் கிடைக்காமல் போவதற்கு அறிவுக் குறைவு காரணமில்லை, இந்தத் தேதிகளை யாரும் சொல்லாததுதான் முதல் காரணம். இதை நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. ஊர் பேராவூரணிப் பக்கம். 2021-இல் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், தமிழ்வழியில் சேர்ந்தேன். கொரோனாவால் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வே எழுதாத வருடம் எங்களுடையது. பத்தாம் வகுப்பில் பாதி, பதினொன்றில் இருபது சதவீதம், பன்னிரண்டின் செய்முறை, அகமதிப்பீட்டில் முப்பது என்று கூட்டி மதிப்பெண் போட்டார்கள். அப்படி வந்தவர்களிடம் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2024 ஜாம் எழுதி, பாலக்காடு ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன்.

ஜாம் என்ற சொல்லை எனக்கு முதலில் சொன்னது எங்களுக்கு மெய்ப்பகுப்பாய்வு எடுத்த கௌரவ விரிவுரையாளர் மேம். நான்காம் செமஸ்டரில் ஒருநாள் வகுப்பு முடியும்போது, "இப்படி ஒரு பரீட்சை இருக்கு, யாராவது எழுதுறீங்களா? எனக்கு இது தெரிஞ்சப்போ நான் எம்.ஃபில்.லே முடிச்சிட்டேன்" என்றார். வகுப்பே அமைதியாக இருந்தது. வெளியே வந்து நானும் இன்னொருத்தியும் அவர் பின்னாலேயே போய், "மேம், தமிழ் மீடியம் எழுதலாமா?" என்று கேட்டோம். "கேள்வித்தாள் இங்கிலீஷ்லதான் இருக்கும். ஆனா பக்கம் பக்கமா எழுத வேண்டியதில்லை. விடையைத் தேர்ந்தெடுக்கணும், இல்லேன்னா எண்ணை டைப் பண்ணணும். கணக்கு தெரிஞ்சா போதும்" என்றார். அந்த ஒரு பதில் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு எங்கே இருந்திருப்பேனோ தெரியாது.

இப்போது விண்ணப்பத்துக்கு வருகிறேன். படிப்பதைவிட இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி நிற்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விண்ணப்பத்தில் நம் பிரிவைக் கேட்பார்கள். நம்மிடம் இருக்கும் சாதிச் சான்றிதழில் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் என்று இருக்கும். அது தமிழ்நாட்டுக்குள் செல்லும், மத்திய அரசு நிறுவனங்களில் செல்லாது. அங்கே கேட்பது ஓ.பி.சி.-என்.சி.எல். சான்றிதழ், அதாவது இதர பிற்படுத்தப்பட்டோரில் 'கிரீமி லேயர்' என்ற வசதியான பிரிவில் வராதவர் என்பதற்கான சான்று. அதைத் தனியாக வாங்க வேண்டும். மத்திய அரசின் பட்டியலில் தமிழ்நாட்டுக்கான பகுதியில் உங்கள் சாதியின் பெயர் இருக்கிறதா, எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடலாம். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு கையாக நகர்ந்து வரும். இடையில் ஒருவர் விடுப்பில் போனால்கூட வாரக்கணக்கில் நிற்கும். செப்டம்பரில் விண்ணப்பம் திறந்த பிறகு இதைத் தொடங்குவது பெரிய பதற்றம். ஜூலையிலேயே தொடங்குங்கள். ஆனால் சான்றிதழ் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருட அறிவிப்பிலும் போட்டிருப்பார்கள். போன வருட அறிவிப்பைப் பார்த்தால் ஓரளவு தெரியும். புது அறிவிப்பு வந்ததும் மறுபடி சரிபாருங்கள். பழைய சான்றிதழ் வைத்திருந்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வருமான வரம்பிலும் பெரிய குழப்பம் இருக்கிறது. குடும்ப வருமானம் வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கு மேல் போனால் கிரீமி லேயர் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த எட்டு லட்சத்தில் பெற்றோரின் சம்பளமும் சேராது, விவசாய வருமானமும் சேராது. 1993-இல் மத்திய அரசு போட்ட உத்தரவிலேயே இது இருக்கிறது. அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டியது அப்பா, அம்மா வகிக்கும் பதவியின் நிலை. என் தோழியின் அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். சம்பளத்தைக் கூட்டிப் பார்த்து, "எட்டைத் தாண்டுதும்மா, உனக்கு வராது" என்று அவளை ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே போன் செய்தாள். அந்த உத்தரவை இணையத்தில் எடுத்து, சம்பந்தப்பட்ட பத்தியில் கோடு போட்டு, அச்செடுத்துக்கொண்டு அப்பாவோடு மறுபடி போகச் சொன்னேன். அங்கிருந்த இன்னொரு அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அந்தத் தாளை எடுத்துப் போகாதவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பெயர் விஷயம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக, இதுதான் நம் வீடுகளில் பெரும்பாலும் நிலைமை. எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுபோல் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். ஆதாரில் திருத்துவது அஞ்சலகத்திலேயே முடியும்.

கட்டணம். 2024 ஜாமில் ஒரு தாளுக்கு 1800 ரூபாய். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி, 900 ரூபாய். ஓ.பி.சி. ஆண்களுக்குச் சலுகை இல்லை, முழுத் தொகை. நான் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கணக்கில் வந்துகொண்டிருந்தது. ஒரு மாதப் பணத்தில் விண்ணப்பக் கட்டணம் கட்டி, மிச்சம் நூறு ரூபாய்க்கு பழைய வினாத்தாள்களை அச்செடுத்தேன். வீட்டில் யாரிடமும் கேட்கத் தேவையில்லாமல் போனது. கஜா புயலில் தென்னை போன பிறகு அப்பா லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. 2018-இல் விழுந்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் அப்போதுதான் பாளை விடத் தொடங்கியிருந்தன. அந்த ஆயிரம் ரூபாயைப் பற்றி யார் என்ன பேசினாலும் எனக்குக் கோபம் வரும்.

அடுத்து படிப்பு. நம் செமஸ்டர் தேர்வில், "கோஷியின் பொதுத் தத்துவத்தைக் கூறி நிறுவுக" என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அதைத் தூக்கத்தில்கூட எழுதுவோம். ஜாமில் அப்படி ஒரு கேள்வியும் வராது. அங்கே கேட்கிற விதமே வேறு. ஒரு தொடர்முறையில் அடுத்தடுத்து வரும் இரண்டு உறுப்புகளின் வித்தியாசம் பூஜ்யத்தை நெருங்குகிறது. அப்படியானால் அந்தத் தொடர்முறை குவிந்தே ஆக வேண்டுமா, அதாவது ஏதோ ஓர் எண்ணை நெருங்கிக்கொண்டே போக வேண்டுமா? மேம் இதைக் கேட்டதும் எல்லாரும் "ஆமாம்" என்றோம். அவர் பலகையில் √1, √2, √3, √4 என்று எழுதி, வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொன்னார். 0.41, 0.32, 0.27 என்று குறைந்துகொண்டே போகிறது, போகப் போகப் பூஜ்யத்தை நெருங்குகிறது. ஆனால் பத்தாயிரமாவது உறுப்பு 100, பத்து லட்சமாவது உறுப்பு 1000. எங்கேயும் போய் நிற்காது. கோஷி சொன்னது அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளை மட்டுமல்ல, ஓர் இடத்துக்கு அப்பால் எந்த இரண்டை எடுத்தாலும் வித்தியாசம் சிறிதாக இருக்க வேண்டும் என்பதை நான் அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அந்தத் தத்துவத்தின் நிரூபணத்தை அதற்கு முன்பே முழுதாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

"சரி, வரம்புடைய தொடர்முறைன்னு, அதாவது உறுப்பெல்லாம் ரெண்டு எண்ணுக்கு நடுவுலயே இருக்கும்னு சேர்த்துக்கிட்டா? அப்போ குவியுமா?" என்று கேட்டுவிட்டு மேம் போய்விட்டார். வீட்டுக்குப் போகும் பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இரவு சாப்பிட்ட பிறகும் பிடிபடவில்லை. மறுநாள் காலையில்தான் வந்தது: அதே √1, √2, √3 ஒவ்வொன்றுக்கும் சைன் எடுத்தால் போதும். மதிப்பு எப்போதும் -1-க்கும் 1-க்கும் நடுவில்தான். வித்தியாசமும் பூஜ்யத்தை நெருங்கும். ஆனால் மெதுவாக மேலே போவதும் கீழே வருவதுமாக ஆடிக்கொண்டே இருக்கும், குவியாது. கணிதத்தில் எனக்கு வந்த முதல் உண்மையான மகிழ்ச்சி அது. ஜாமுக்குத் தயாராவது என்றால் இப்படிப்பட்ட கேள்விகளோடு தினமும் இருப்பதுதான். ஒவ்வொரு தேற்றத்தையும் படித்து முடித்ததும், இதிலிருந்து ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் எந்த எடுத்துக்காட்டில் உடைகிறது என்று கேட்டுப் பாருங்கள். குலங்களுக்கும் அணிகளுக்கும் திசையன் வெளிக்கும் இதே வழிதான்.

கோச்சிங் சேராமல் முடியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். முடியும் என்பதே என் அனுபவம். பழைய வினாத்தாள்கள் தேர்வின் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்ற இணையதளத்தில் இலவசம். கோடையில் எம்.டி.டி.எஸ். என்று ஒரு கணிதப் பயிற்சி முகாம் 1993-இலிருந்து நடந்துவருகிறது. பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கியது. இரண்டாம் வருடம் முடிக்கிறவர்கள் கண்டிப்பாக அதற்கு விண்ணப்பியுங்கள். ஆங்கிலம் பயமாக இருந்தால், பழைய வினாத்தாளில் தினம் ஐந்து கேள்விகளை வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் தமிழில் தோழியிடம் சொல்லிப் பழகுங்கள். ஒரு செமஸ்டருக்குள் கண்ணுக்குப் பழகிவிடும்.

தாளின் அமைப்பு: மூன்று மணி நேரம், அறுபது கேள்விகள், நூறு மதிப்பெண். முதல் பகுதியில் முப்பது கேள்விகள், நான்கில் ஒன்றைத் தேர்வது, ஐம்பது மதிப்பெண். இதில் மட்டும் தவறுக்குக் கழிப்பார்கள். ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மதிப்பெண்ணுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாம் பகுதியில் பத்துக் கேள்விகள், ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். சரியானவை அனைத்தையும் குறித்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது, கழிப்பதும் இல்லை. மூன்றாம் பகுதியில் இருபது கேள்விகள், விடை ஓர் எண், அதிலும் கழிப்பதில்லை. ஆக, நூற்றில் ஐம்பது மதிப்பெண்ணுக்கு இழப்புப் பயமே இல்லை. அந்த ஐம்பதில் ஒரு கேள்வியையும் வெறுமனே விட்டுவராதீர்கள்.

கணினியில் எழுதும் தேர்வு என்பதால் ஒரு விஷயம். கால்குலேட்டர் திரையில் இருக்கும், மவுஸால் அழுத்த வேண்டும். எண் விடைகளையும் திரையில் தெரியும் பொத்தான்களில்தான் உள்ளிட வேண்டும், கீபோர்டு வேலை செய்யாது. வீட்டில் கணினி இல்லாத நமக்கு இதிலேயே நேரம் போய்விடும். அத்தை மகனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியை வாங்கி, கடையில் ஒரு மவுஸும் வாங்கி, ஜனவரி முழுக்க இதே அமைப்பில் இருக்கும் மாதிரித் தேர்விலேயே (மாக் டெஸ்ட்) பழகினேன். பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில் தேர்வு. அப்பாவும் கூட வந்து வெளியே நின்றார்.

ரிசல்ட் மார்ச்சில் வந்தது. அதோடு முடியவில்லை, இன்னொரு விண்ணப்பம் இருக்கிறது, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் சேர்க்கைக்கான இணையதளம் திறக்கும். எந்த ஐ.ஐ.டி., எந்தப் படிப்பு என்று விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். நம் ரேங்குக்கு இது வருமா வராதா என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றாதீர்கள். உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதையே முதலில் போடுங்கள். கிடைக்கக்கூடியதில் மேலே இருப்பதைத்தான் அது நமக்குத் தரும். இடம் கிடைத்ததும் மூன்று வழிகள் காட்டும். இதுவே போதும் என்று உறுதிசெய்யலாம். இதை வைத்துக்கொண்டு அடுத்த சுற்றில் வரிசையில் மேலே இருப்பது கிடைத்தால் மாறிக்கொள்ள ஒப்புக்கொள்ளலாம். வேண்டாம் என்று விலகலாம். விலகினால் அந்த வருடம் அதோடு சரி. கெடு தேதிக்குள் எதையும் அழுத்தாமல் விட்டாலும் இடம் போய்விடும்.

எனக்கு முதல் சுற்றில் கிடைத்தது தன்பாத். அன்று இரவு அப்பா போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அம்மா, "ஜார்கண்டா? அது எங்கடி இருக்கு?" என்றாள். அக்கம்பக்கத்தில், "பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரமா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் காலையில் வந்து, "கோயம்புத்தூர் வழியா தன்பாத்துக்கே நேரா ஒரு ரயில் இருக்கு. ஆலப்புழா எக்ஸ்பிரஸ். ஏறி உட்கார்ந்தா எங்கயும் மாற வேண்டாம்" என்றார். அவர் எனக்குச் சம்மதம் சொன்ன விதம் அது. நான் இரண்டாவது வழியை அழுத்தி இடத்தை வைத்துக்கொண்டேன். அடுத்த சுற்றுகளில் பாலக்காடு வந்தது. திருச்சியிலிருந்து கரூர், ஈரோடு, கோயம்புத்தூர் வழியாகப் பகலிலேயே போய்ச் சேர்கிற ரயில் உண்டு என்பதால் அம்மாவுக்கும் மனம் தணிந்தது. பாலக்காடு வராமல் போயிருந்தாலும் நான் தன்பாத்துக்குப் போயிருப்பேன், அப்பா அனுப்பியிருப்பார்.

ஐ.ஐ.டி. மட்டும்தான் என்று இருக்காதீர்கள். அதே ஜாம் மதிப்பெண்ணை வைத்துத் திருச்சி என்.ஐ.டி. உட்பட என்.ஐ.டி.க்களில் சேர சி.சி.எம்.என். என்று தனிக் கலந்தாய்வு நடக்கும், அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். சிறுசேரியில் சி.எம்.ஐ. இருக்கிறது, 1989-இல் சி.எஸ். சேஷாத்ரி தொடங்கிய சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட். அவர்கள் தனி நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள், அதில் நிரூபணம் எழுத வேண்டும். கணிதத்தில் ஆராய்ச்சிதான் ஆசை என்றால் அதை விட்டுவிடாதீர்கள். உலகமெங்கும் இருந்து கணிதப் பேராசிரியர்கள் வந்து போகிற இடம் நம் ஊர் ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கிறது, நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் அதன் பெயர் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

சேரும்போது ஆறாம் செமஸ்டர் ரிசல்ட் வராமல் இருக்கலாம். பயப்பட வேண்டாம். எல்லாத் தேர்வும் எழுதி முடித்துவிட்டாள் என்று முதல்வரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய்ச் சேரலாம். தேர்ச்சிச் சான்றைப் பிறகு, அவர்கள் சொல்லும் கெடுவுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அரியர் இருக்கக் கூடாது. ஜாமுக்குப் படிக்கிறேன் என்று செமஸ்டரைக் கைவிடாதீர்கள்.

அரசுக் கல்லூரிகளில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுக்கும் சார்களுக்கும் மேம்களுக்கும் ஒரு வேண்டுகோள். நான்காம் செமஸ்டர் முடிவதற்குள் ஏதாவது ஒரு வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஜாம், க்யூட் பி.ஜி., சி.எம்.ஐ. என்ற மூன்று பெயர்களையும், எந்த மாதம் விண்ணப்பம் என்பதையும், ஓ.பி.சி.-என்.சி.எல். சான்றிதழ் தனி என்பதையும் சொல்லிவிடுங்கள். அறுபது பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் மறந்துவிடுவார்கள், பரவாயில்லை. மிச்சம் இரண்டு பேர் உங்கள் பின்னாலேயே ஸ்டாஃப் ரூமுக்கு வருவார்கள். அவர்களை உட்கார வைத்து, விண்ணப்பத்தைத் திறந்து, முதல் பக்கத்தை மட்டும் நீங்கள் கூட இருந்து நிரப்பிக் கொடுங்கள்.